கேர் ஹோமில் புண் வந்தால் யாரிடம், எதைக் கேட்பது?

முதியோரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் கேர் ஹோமில் இருக்கும் அம்மாவுக்கு முதுகில் புண் என்று ஃபோன் வந்தால், நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "வயசானா வரத்தான் செய்யும், விடுங்க" என்பார் ஒருவர். "பார்க்காம போட்டுட்டாங்க, கேஸ் போடணும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு புகார்க் கடிதம் எழுத முடியாது. எழுதினால், "தங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு பக்கப் பதில் வரும். அதோடு சரி.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் பெரியம்மாவின் குதிகாலில். லண்டனில் ஒரு கேர் ஹோமில் இருக்கிறார், வயது 84. அவருக்காக அண்ணனும் நானும் எழுதிய முதல் புகார் ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டாவது உதவியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது புரிய வேண்டுமானால், முதலில் புண் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். நான் சொல்லும் புகார் வழிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அமைப்புகள் வேறு.

படுத்தால் ஏன் புண் வருகிறது?

கல்யாணப் பந்தியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். உடனே காலை மாற்றி வைப்போம். தூக்கத்தில்கூட, நமக்குத் தெரியாமலே புரண்டு புரண்டு படுக்கிறோம். அந்தப் புரளல்தான் தோலைக் காப்பாற்றுகிறது. பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர், மறதி நோய் முற்றியவர் ஆகியோருக்கு அந்தப் புரளல் நின்றுவிடுகிறது.

தோட்டத்துக் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்பதுபோல, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கும்போது மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் போகாவிட்டால் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத சதை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கிவிடும். இப்படி வருவதைத்தான் அழுத்தப்புண் என்கிறோம். படுக்கைப்புண், பெட் சோர் எல்லாம் இதுதான். நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் வரும் என்பதால் அழுத்தப்புண் என்பதே பொருத்தமான பெயர். எலும்பு துருத்தும் இடங்களில்தான் பெரும்பாலும் வரும்: முதுகின் அடி, குதிகால், இடுப்பின் பக்கம், முழங்கை, பின்தலை.

அழுத்தம் மட்டும் காரணம் இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தால் உடம்பு மெல்லக் கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். சிறுநீர் ஈரம் வெகுநேரம் பட்டால் தோல் ஊறிப் பலவீனமாகும். சாப்பாடு குறைந்து, உடம்பில் புரதமும் தண்ணீரும் குறைந்தால் பழுதானதைச் சரிசெய்ய உடம்பிடம் சரக்கு இருக்காது. சர்க்கரை நோய் இருந்தால் காலில் வலியே தெரியாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. மாம்பழத்தின் மேல் சின்னக் கறுப்புப் புள்ளிதான் இருக்கும், அறுத்துப் பார்த்தால் உள்ளே பாதி அழுகியிருக்கும். ஆழமான அழுத்தப்புண்ணும் அப்படித்தான். தோலைவிட எலும்பை ஒட்டிய சதைதான் முதலில் அடிபடுகிறது. "நேத்து சின்னதா இருந்துச்சு, இன்னைக்குக் குழியாயிடுச்சு" என்று குடும்பங்கள் சொல்வது இதனால்தான். குழி நேற்றே உள்ளே இருந்தது.

நர்ஸ்கள் இதை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் படியில் தோல் கிழிந்திருக்காது, நிறம் மாறியிருக்கும். இரண்டாவதில் மேல்தோல் உரிந்திருக்கும், அல்லது கொப்புளம் இருக்கும். மூன்றாவதில் தோலின் முழு ஆழமும் போய்க் கொழுப்பு தெரியும். நான்காவதில் தசையோ எலும்போ தெரியும். கறுத்த பக்கு மூடியிருந்தால், அதை நீக்கும்வரை எந்தப் படி என்று சொல்ல முடியாது. இந்த எண்ணைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்னது: அழுத்தத்தால் ரத்தம் நின்று சதை சாகிறது, ஈரமும் சறுக்கலும் சத்துக்குறைவும் அதை வேகப்படுத்துகின்றன, வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் இருக்கலாம்.

நம் தோலில் சிவப்பு தெரியாது

இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் படியைக் கண்டுபிடிக்கும் வழக்கமான சோதனை எளிது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் அழுத்தப்புண் தொடங்கிவிட்டது. வெள்ளைத் தோலில் இது பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அப்படித் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. ஊதாவாகவோ, நீலம் கலந்தோ, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ இருக்கலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது, தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா? கெட்டியாகவோ, தொளதொளவென்றோ இருக்கிறதா? தொட்டால் வலிக்கிறதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் சாக்ஸைக் கழற்றினேன். இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு. அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. விரல் வைத்தால், பழுத்துப்போன சப்போட்டாவைத் தொட்டதுபோல உள்ளே அமுங்கியது. பெரியம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்று காலை ஹோமின் ஊழியர் எழுதிய குறிப்பில், "தோல் நன்றாக இருக்கிறது, சிவப்பு இல்லை" என்று இருந்தது. எழுதிய பெண் பொய் சொல்லவில்லை. சிவப்பைத் தேடினார், சிவப்பு இல்லை. அவ்வளவுதான்.

நாமே நம்பும் சில தவறுகள்

புகார் எழுதுமுன் நம் பக்கத்துத் தவறுகளையும் களைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தப்பான இடத்தில் சண்டை போடுவோம்.

"இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடலைன்னா அது குற்றம்" என்று எல்லாரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு 2014-இல் தந்த வழிகாட்டுதல் வேறு கணக்குச் சொல்கிறது. ஆபத்து இருப்பவருக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, ஆபத்து அதிகம் உள்ளவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிலை மாற வேண்டும். இது குறைந்தபட்சம். ஒருவரின் தோல் அதையும் தாங்காவிட்டால் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் அம்மாவுக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்தீர்கள், அதன்படி செய்தீர்களா?" என்பதுதான்.

எண்ணெய் தேய்த்துவிடுவது நம் கைப்பழக்கம். பாசத்தில் செய்கிறோம். ஆனால் புண் வராமல் தடுக்கத் தோலைத் தேய்க்கவோ மசாஜ் செய்யவோ கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே உள்ளே நைந்த சதையைத் தேய்த்தால் இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு புது அழுத்தம் தரும்.

அப்புறம், "புண்ணைக் காற்றாட விட்டால் காயும்" என்பது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் காயங்களில் செய்த ஆய்வில், மூடி ஈரப்பதமாக வைத்த காயங்களில் திறந்துவிட்டவற்றைவிடச் சுமார் இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடியது. இன்றைய டிரெஸ்ஸிங்குகள் அந்த அடிப்படையில் வந்தவை. புண் ஈரமாக இருக்கிறதே, கட்டை நாலு நாள் மாற்றவில்லையே என்பதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. சில டிரெஸ்ஸிங்குகள் பல நாள் இருக்க வேண்டியவை. நாற்றம், கசிவு வெளியே வருவது, காய்ச்சல், சுற்றிலும் வீக்கம், கூடும் வலி இவைதான் உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள்.

கட்டுப் போடுவது யார் பொறுப்பு?

பெரும்பாலான புகார்கள் தடுமாறும் இடம் இது.

நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. இங்கிலாந்தில் அப்படி இல்லை. இங்கே முதியோர் தங்கும் இடங்கள் பொதுவாக இரண்டு வகை. நர்சிங் ஹோமில் பதிவுபெற்ற நர்ஸ் இரவும் பகலும் இருப்பார், புண்ணுக்கு அவரே கட்டுப் போடுவார். சாதாரண கேர் ஹோமில் நர்ஸ் கிடையாது, பராமரிப்பாளர்கள்தான். குளிக்கவைப்பார்கள், ஊட்டிவிடுவார்கள், திருப்பிப் போடுவார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட வெளியிலிருந்து டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வருவார். அவர் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையைச் சேர்ந்தவர், கேர் ஹோமின் ஊழியர் இல்லை. புண் ஆறாவிட்டால், புண் பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்ற திஷ்யூ வயபிலிட்டி நர்ஸை அவர் கூப்பிடலாம்.

பள்ளிக்கூட வேனில் குழந்தைக்கு அடிபட்டால் பள்ளியைக் கேட்பதா, வேன்காரரைக் கேட்பதா என்று குழம்புவோம் அல்லவா, அதே நிலைமைதான். பள்ளி "வேனைக் கேளுங்கள்" என்னும், வேன்காரர் "பள்ளியைக் கேளுங்கள்" என்பார். எங்களுக்கும் அதுதான் நடந்தது. "புண் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் பொறுப்பு" என்றார் மேனேஜர். "எங்களிடம் தாமதமாகத்தான் சொன்னார்கள்" என்றார் நர்ஸ்.

இருவரின் வேலையும் பிரிந்தே இருக்கிறது. தோலைத் தினமும் பார்ப்பது, திருப்பிப் போடுவது, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைப்பது, சாப்பாடு, ஈரத்தை மாற்றுவது, மாற்றம் கண்டவுடன் தகவல் சொல்வது எல்லாம் கேர் ஹோமின் வேலை. புண்ணை அளப்பது, டிரெஸ்ஸிங்கைத் தேர்ந்தெடுப்பது, ஆறாதபோது மேலே அனுப்புவது நர்ஸின் வேலை. எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்த்தால் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: முதலில் அது நர்ஸ் உள்ள இடமா, இல்லாத இடமா என்று கேளுங்கள். இல்லாத இடம் என்றால் புகாருக்கு இரண்டு பக்கம் இருக்கலாம்.

எது புகார் ஆகும்?

புண் வந்தது என்பது மட்டும் தவறுக்கு ஆதாரம் ஆகாது. அழுத்தப்புண்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும். ஆனால் உடம்பு மூடிக்கொள்ளும் கடைசி நாட்களில் இதயம், சிறுநீரகம் போலத் தோலும் செயலிழக்கும். அப்போது எவ்வளவு பார்த்தும் புண் வரலாம். இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் புகாரின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: யாருக்கு, எப்போது தெரிந்தது, தெரிந்தபின் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில் அங்கே காகிதத்தில் இருக்க வேண்டும். கேர் ஹோமுக்கு வந்ததும் ஒருவருக்குப் புண் வரும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். ஆபத்து மதிப்பீடு என்பது அதுதான். வாட்டர்லோ என்ற அட்டவணையை நிறைய இடங்களில் பார்க்கலாம். அதில் 10 வந்தால் ஆபத்து, 15 வந்தால் அதிக ஆபத்து, 20 வந்தால் மிக அதிகம். அந்த மதிப்பெண்ணை வைத்து எந்த மெத்தை, எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது என்று எழுதுவது பராமரிப்புத் திட்டம். திருப்பியதை நேரம் போட்டுக் குறிப்பது திருப்பல் அட்டை. புண் வந்தபின் அதன் நீளம், அகலம், ஆழத்தை எழுதி, படமும் எடுத்து வைப்பது புண் அட்டை.

உடம்பு நிலை மாறினால் மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும். பெரியம்மாவின் கதையில் முடிச்சு இங்கேதான் இருந்தது. மதிப்பெண் போட்டபோது அவர் வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். அப்புறம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது நடை போய்விட்டது. பழைய மதிப்பெண்ணே மூன்று மாதம் நீடித்தது. பழைய மதிப்பெண் என்றால் பழைய மெத்தை. யாருமே கெட்டவர்கள் இல்லை. ஒரு தாளைப் புதுப்பிக்கவில்லை, ஒரு குதிகால் அழுகியது.

இதே கேள்விகள் மற்றப் புண்களுக்கும் பொருந்தும். காலில் ரத்த நாளக் கோளாறால் வரும் புண்ணுக்கு இறுக்கக் கட்டுப் போடுமுன் காலின் ரத்த ஓட்டத்தை அளந்தார்களா என்று கேட்க வேண்டும். தூக்கும்போது மெல்லிய தோல் கிழிந்தது என்றால், அன்று எத்தனை பேர், எப்படித் தூக்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

எங்கே போவது?

முதலில் கேர் ஹோமுக்கே. புகாரை வாங்கி விசாரிக்கும் முறை ஒன்றை வைத்திருப்பது சட்டப்படி அவர்கள் கடமை. கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், பணம் கொடுத்து ஏற்பாடு செய்த இடம் என்றால் கவுன்சிலிடமும் சொல்லலாம். டிஸ்ட்ரிக்ட் நர்ஸைப் பற்றியது என்றால் அவரை அனுப்பும் என்.எச்.எஸ். அமைப்புக்கு. பொதுவாக 12 மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். என்.எச்.எஸ். புகாரை வாயாலும் சொல்லலாம், மூன்று வேலை நாட்களுக்குள் கிடைத்தது என்று தெரிவிப்பார்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அம்மாவால் முடிவெடுக்க முடியும் என்றால் அவர் சம்மதம் வேண்டும்.

பதில் திருப்தி இல்லை என்றால் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இரு தரப்பையும் சேராத, அரசு அமைத்த குறைதீர் அலுவலகம் அது. கட்டணம் கிடையாது. கேர் ஹோமுக்கும் கவுன்சிலுக்கும் ஒரு ஆம்புட்ஸ்மேன், என்.எச்.எஸ்.ஸுக்கு வேறொருவர். இரு பக்கமும் கலந்த புகார்களைச் சேர்ந்து விசாரிக்கவும் அவர்களிடம் ஏற்பாடு உண்டு. சொந்தப் பணம் கட்டித் தங்குபவரும் போகலாம். பெரிய நஷ்டஈடு கிடைக்கும் இடம் இல்லை அது. மன்னிப்பு, ஒரு சிறு தொகை, நடைமுறை மாற்றம், இவைதான் வழக்கம்.

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் சி.க்யூ.சி. (கேர் குவாலிட்டி கமிஷன்). இங்கே பெரிய குழப்பம் உண்டு. ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்வோம். அவர் சமையலறையைச் சோதிப்பார், நடவடிக்கை எடுப்பார், உங்கள் பில் பணத்தை வாங்கித் தர மாட்டார். சி.க்யூ.சி.யும் அப்படித்தான். கேர் ஹோம்களைக் கண்காணிக்கும் அமைப்பு அது, தனி ஒருவரின் புகாரைத் தீர்த்து வைக்காது. ஆனாலும் சொல்லுங்கள், அடுத்த சோதனைக்கு அது உதவும். கேர் ஹோமில் சேர்ந்தபின் ஒருவருக்கு மூன்றாம் படி அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தப்புண் வந்தால் அவர்களே சி.க்யூ.சி.க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. படி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். "தெரிவித்தீர்களா, எந்தத் தேதியில்?" என்பது நல்ல கேள்வி.

இப்போதே ஆபத்து, அல்லது புறக்கணிப்பு என்று சந்தேகம் இருந்தால் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். கவுன்சிலில் இப்படிப்பட்டவர்களைப் பாதுகாக்க இருக்கும் சேஃப்கார்டிங் பிரிவுக்கு உடனே சொல்லலாம். 2014-இன் கேர் ஆக்ட் என்ற சட்டப்படி விசாரிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. உடம்பு மோசம் என்றால் புகாரெல்லாம் பிறகு, முதலில் டாக்டர்.

"நாம புகார் கொடுத்தா அம்மாவைச் சரியா பார்ப்பாங்களா?" என்ற பயம்தான் நம்மை வாயடைக்க வைக்கிறது. எனக்கும் இருந்தது. புகார் கொடுத்ததற்காக ஒருவரைப் பாகுபாடாக நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. உறவினர் பார்க்க வருவதற்கு வழிசெய்ய வேண்டும் என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது.

எங்கள் இரண்டு கடிதங்கள்

முதல் கடிதத்தில், "பெரியம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, மிகவும் வேதனையாக இருக்கிறது" என்று இரண்டு பக்கம் எழுதினோம். வந்த பதில் நான் முதலில் சொன்னதுதான்.

அண்ணனிடம் பெரியம்மாவின் உடல்நலம் குறித்து முடிவெடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி இருந்தது. அதைக் காட்டிக் குறிப்புகளின் நகல் கேட்டார். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வந்த தாள்களைச் சமையலறை மேஜையில் தேதிவாரியாக அடுக்கினோம். அன்று ராத்திரி எழுதிய இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஆபத்து மதிப்பீட்டை மறுபடி செய்தீர்களா? திருப்பல் அட்டையில் இந்த நான்கு இரவுகள் ஏன் காலி? குதிகாலைப் பற்றி நாங்கள் சொன்ன நாளுக்கும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸுக்குத் தகவல் போன நாளுக்கும் நடுவில் ஏன் 9 நாள்? கறுத்த தோலில் எப்படிப் பார்ப்பது என்று உங்கள் ஊழியருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா?

மூன்று வாரத்தில் மேனேஜர் எங்களை நேரில் கூப்பிட்டார். மதிப்பீடு விட்டுப்போனதை ஒப்புக்கொண்டார், எழுத்திலும் தந்தார். காற்று மெத்தை வந்தது. குதிகால் தூக்கிப் படுக்கும்படி தலையணை வந்தது. தோலைத் தொட்டுப் பார்க்கும்படி அட்டையில் ஒரு வரி சேர்ந்தது. கறுத்த பக்கு மெல்ல விலகி, புண் மூட ஐந்து மாதம் ஆனது.

இப்போதும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போனால் முதல் வேலையாகப் பெரியம்மாவின் சாக்ஸைக் கழற்றி இரண்டு குதிகாலையும் தடவிப் பார்க்கிறார். "வந்ததும் வராததுமா காலைப் புடிக்காதடா, முதல்ல டீ குடி" என்று பெரியம்மா ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்.